கோப்பையில் பதிந்த முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. ஒருவனுடைய உருவப்படம் என்று நம் முன் வைக்கப்படும் முகம் அவனுடையதாக இல்லாவிடின், அங்கே தெரிவது யாருடைய அகம்? உருவ ஓவியத்தைத் திறனாய்வு செய்வோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா இது. அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கும் ஓவியங்களை நோக்கி இவ்வினாவை எழுப்பியோர் பலர். நாள்தோறும் கையில் எடுத்து, உதட்டில் வைத்து, கழுவிக் கவிழ்க்கும் பொருளில் உள்ள ஓவியத்தை நோக்கி எழுப்பியோர் மிகச் சிலரே. அத்தகைய எளிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தென் அமெரிக்காவின் இன்கா பேரரசை வீழ்த்திய ஸ்பானியப் படைத்தலைவன் பிரான்சிஸ்கோ பிசாரோவின் உருவப்படம் பதித்த பீங்கான் கோப்பையே அப்பொருள்.

இத்தகைய கோப்பை செய்யப்படும் முறை எளிது. வெள்ளைப் பீங்கானின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று பூசப்பட்டிருக்கும். தனிவகை மையால் தாளில் அச்சிட்ட படத்தைக் கோப்பையைச் சுற்றி ஒட்டி, 200 பாகை செல்சியசை நெருங்கும் வெப்பத்தில் சில நிமிடங்கள் அழுத்துகின்றனர். மை ஆவியாகிப் பூச்சினுள் புகுந்து தங்கிவிடுகிறது. குழந்தையின் பிறந்தநாள் படமும், மணமக்களின் படமும், பள்ளி விளையாட்டுப் போட்டியின் சின்னமும் இவ்வாறே பதிக்கப்படுகின்றன. ஓவியர் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்ட பழைய ஓவியங்களுக்கு உரிமைத்தொகை ஏதும் இல்லை. ஆதலின், வரலாற்று மாந்தரின் முகங்கள் வணிகர்க்குச் செலவின்றிக் கிடைக்கும் சரக்காகிவிட்டன. கவிஞர், அறிவியலார், அரசர், தளபதி என்னும் வேற்றுமையின்றி எல்லாரும் ஒரே அளவுக் கோப்பையில் ஒரே விலைக்கு நிற்கின்றனர்.

ஆசிரியர் பயிற்சியில் காட்சித் துணைக்கருவிகளைப் பற்றிக் கற்கும்போது, வகுப்பறைக்குள் நுழையும் எந்தப் படத்தையும் மூன்று வினாக்களால் சோதிக்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். யார் வரைந்தது? எப்போது வரைந்தது? யாருக்காக வரைந்தது? கோப்பைப் படத்தையும் அவ்வினாக்களைக் கொண்டே அணுகலாம். நான்காவது வினா ஒன்றும் உண்டு: அது எதன்மேல் வரையப்பட்டிருக்கிறது? பிசாரோவின் கோப்பையைப் பொறுத்தவரை, இந்நான்காம் வினாவே மற்ற மூன்றினும் ஆழமானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

யாருடைய முகம்?

இக்கோப்பையில் உள்ள உருவம், தாடியும் கவசமும் உடைய ஒரு முதிய வீரனின் உருவம். அஞ்சாமையும் அமைதியும் கலந்த பார்வை. காண்போர், "இவன் எத்துணைத் துன்பங்களைக் கடந்து வந்தவனோ!" என்று வியக்கும்படி ஓவியர் தீட்டியிருக்கிறார். அவர் பிரெஞ்சு நாட்டு ஓவியர் அமாபிள்-போல் கூத்தான். அவர் வாழ்ந்த காலம் 1792 முதல் 1837 வரை. இவ்வோவியத்தை அவர் 1835 அளவில் வரைந்தார். பிசாரோ கொல்லப்பட்டது 1541இல். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 300 ஆண்டுகள். ஓவியர் பிசாரோவைக் கண்டவர் அல்லர். பிசாரோவைக் கண்டவரைக் கண்டவரும் அல்லர்.

மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்த்தேசு 1529இல் ஸ்பெயினுக்குத் திரும்பி வந்தபோது, கிறிஸ்தோப் வைடிட்சு என்னும் செருமானியக் கலைஞர் அவனை நேரில் கண்டு வரைந்தார், பதக்கமும் செய்தார். பிசாரோவை அவ்வாறு நேரில் அமர்த்தி வரைந்த உருவப்படம் எதுவும் அறியப்படவில்லை. நாம் காணும் பிசாரோவின் முகம் முழுவதும் பிற்காலத்தார் கற்பனையே.

அக்கற்பனை யாருக்காகச் செய்யப்பட்டது? பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப், வெர்சாய் அரண்மனையை வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றி 1837இல் திறந்தார். புகழ்பெற்றோர் உருவங்களை வரிசை வரிசையாகத் தொங்கவிட ஓவியங்கள் பெருமளவில் தேவைப்பட்டன. கூத்தான் வரைந்த பிசாரோ அவ்வரண்மனைத் தொகுப்பைச் சேர்ந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் பிசாரோவின் கதை பெரிதும் விரும்பப்பட்டது. செரிடன் என்னும் நாடக ஆசிரியர் ஒரு செருமானிய நாடகத்தைத் தழுவி எழுதிய 'பிசாரோ' 1799இல் இலண்டன் மேடையில் பெருவெற்றி பெற்றது. மில்லே என்னும் ஓவியர், பிசாரோ இன்கா மன்னனைச் சிறைப்பிடிக்கும் காட்சியைத் தம் 16ஆம் வயதில் வரைந்து 1846இல் காட்சிக்கு வைத்தார். மறு ஆண்டில் பிரெசுகாட் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியரின் பெரு வெற்றி வரலாறு வெளிவந்தது. கூத்தானின் ஓவியமும் இச்சூழலில் பிறந்ததே. அது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா தனக்கென ஆக்கிக்கொண்ட பிசாரோ. அம்முகத்தில் தெரிவது பெரு நாட்டின் 16ஆம் நூற்றாண்டு அன்று. பாரிசு நகரத்தின் 19ஆம் நூற்றாண்டே.

முகம் மட்டுமன்றி உடலும் இவ்வாறே ஆள்மாறாட்டத்துக்கு உள்ளானது வியப்புக்குரியது. லீமா நகரப் பேராலயத்தில், பிசாரோவின் உடல் என்று 1891 முதல் ஒரு பதப்பட்ட உடல் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருந்தது. வந்தவரெல்லாம் அதனைக் கண்டு சென்றனர். 1977இல் ஆலயத்தின் நிலவறையில் வேலை செய்தோர், சுவருக்குள் மறைந்திருந்த பெட்டிகளைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஓர் ஈயப்பெட்டியில் மண்டையோடு ஒன்று இருந்தது. அது பிசாரோவின் தலை என்னும் குறிப்பு அப்பெட்டியின்மேல் பொறிக்கப்பட்டிருந்தது. வில்லியம் மேப்பிள்சு முதலிய உடற்கூற்று அறிஞர்கள் 1984இல் ஆராய்ந்து, வாட்குத்துகளால் சிதைந்த அவ்வெலும்புகளே பிசாரோவுடையவை என்றும், கண்ணாடிப் பேழையில் இருந்தது வேறு யாருடைய உடலோ என்றும் முடிவு கண்டனர். ஏறத்தாழ 90 ஆண்டுகள் மக்கள் கண்டு வணங்கியதும் வெறுத்ததும் வேறொருவனை! ஓர் உருவத்தின் கீழே பெயரை எழுதிவிட்டால் அதனை ஐயமின்றி நம்பிவிடும் மனித இயல்புக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

முகத்துக்குப் பின்னால் உள்ள வரலாறு

பிசாரோவின் வாழ்க்கையை நடுநிலையோடு நோக்குவது திறனாய்வாளர் கடமை. ஸ்பெயினின் வறண்ட பகுதியாகிய எக்ஸ்திரிமதுராவில், துருகியோ என்னும் ஊரில், 1470களில் மணவுறவுக்கு வெளியே பிறந்தவன் அவன். எழுத்தறிவு பெறாதவன். ஆவணங்களில் அவன் இரண்டு சுழிகளை மட்டுமே இடுவான். அவற்றின் நடுவே பெயரை எழுதுவது எழுத்தரின் வேலை. பெயரையும் பிறரே எழுதினர்; முகத்தையும் பிறரே வரைந்தனர். 1513இல் பல்போவாவுடன் பனாமா நிலஇடுக்கைக் கடந்து பசிபிக் பெருங்கடலைக் கண்டவர்களுள் அவனும் ஒருவன். அதே பல்போவாவை 1519இல் கைது செய்தவனும் அவனே. தென்கரையை நோக்கி 1524இலும் 1526இலும் மேற்கொண்ட பயணங்களில் பசியும் நோயும் போரும் அவனுடன் வந்தோரைப் பெரும்பாலும் அழித்தன. அவன் தளரவில்லை. 1529இல் ஸ்பெயினுக்குச் சென்று, பெருவை வெல்லும் உரிமைப் பத்திரத்தை அரசியிடம் பெற்று மீண்டான். 50 வயதைக் கடந்த ஒருவனிடத்தில் இத்தகைய மனவலிமை காண்பது அரிது. இதனை மறுப்பது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை ஆகாது.

ஆயினும், அவ்வலிமை எதற்குப் பயன்பட்டது என்பதே கேள்வி. 1532ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், மலைநகரமாகிய கஹமார்க்காவின் சதுக்கத்திற்கு இன்கா மன்னன் அதவால்பாவை அவன் விருந்தினனாக அழைத்தான். மன்னனுடன் ஆயிரக்கணக்கானோர் பெரும்பாலும் போர்க்கருவியின்றி வந்தனர். கட்டடங்களில் ஒளிந்திருந்த 168 ஸ்பானியர் பீரங்கியும் குதிரையும் வாளும் கொண்டு அவர்கள்மேல் பாய்ந்தனர். அன்று மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர், மன்னன் சிறைப்பட்டான். அப்பேரரசு அப்போதுதான் உடன்பிறந்தார் போரால் நலிந்திருந்தது என்பதும், ஐரோப்பியர் கொணர்ந்த அம்மை நோய் அவர்களுக்கு முன்னரே அந்நாட்டில் பரவியிருக்கக்கூடும் என்பதும் அறிஞர் கருத்து. 168 பேரின் வீரம் மட்டுமே ஒரு பேரரசை வீழ்த்தியது என்று கூறும் பழைய கதை முழுமையானது அன்று.

மன்னன் தன் விடுதலைக்கு ஓர் அறை நிறையப் பொன்னும், அதைப்போல் இருமடங்கு வெள்ளியும் தருவதாக வாக்களித்தான். நாட்டின் நான்கு திசையிலிருந்தும் பொன் வந்தது. பொற்கலங்கள், பொற்சிலைகள், கோயில் சுவர்களில் பதித்திருந்த பொற்றகடுகள் ஆகிய எல்லாம் வந்தன. 1533இல் மாதக்கணக்கில் உலைகள் எரிந்தன. ஏறத்தாழ 6 டன் பொன்னும், 11 டன்னுக்கு மேற்பட்ட வெள்ளியும் கட்டிகளாக உருக்கப்பட்டன. ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு. எஞ்சியது குதிரைவீரனுக்கு இவ்வளவு, காலாட்படையினனுக்கு இவ்வளவு என்று எடை போட்டுப் பிரிக்கப்பட்டது. பொன் வந்து குவிந்த பின்னும் மன்னன் விடுதலை பெறவில்லை. 1533 சூலையில், தீயிட்டுக் கொல்லாதிருக்க வேண்டுமாயின் ஞானஸ்நானம் பெறுக என்றனர். அவன் அவ்வாறே பெற்றான். பின்னர்க் கழுத்தை நெரித்துக் கொன்றனர். உருக்காமல் ஸ்பெயினுக்கு அனுப்பிய சில அரிய கலைப்பொருள்கள் 1534இல் செவில் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றையும் உருக்கி நாணயமாக்கும்படி பேரரசர் சார்லசு ஆணையிட்டார்.

இங்கே ஒரு பெரும் முரண்பாட்டைக் காண்கிறோம். ஓர் இனத்தின் கலைப்பொருளையெல்லாம் எடையாக மாற்றியவன் பிசாரோ. பொற்கொல்லன் ஒருவன் மாதக்கணக்கில் செதுக்கிய பொற்குவளை அவன் கண்ணுக்கு இத்தனை பெசோ எடையாக மட்டுமே தெரிந்தது. குவளைகளை உருக்கியவனுடைய முகமே இன்று ஒரு குவளைக்கு அணியாகியிருக்கிறது. கோப்பையை அச்சிட்ட வணிகரும் வாங்கியவரும் இதனை நினைத்திருக்க மாட்டார்கள். நினையாமையே இங்கே ஆராய்வதற்குரியது.

கோப்பையின் நாகரிகம்

எதன்மேல் வரையப்பட்டிருக்கிறது என்னும் நான்காம் வினாவுக்கு இப்போது வருகிறோம். ஆந்தீசு மலைநாட்டில் கோப்பை என்பது வெறும் கலம் அன்று. மேல்நோக்கி விரிந்த வாயையுடைய மரக்குவளையைக் 'கேரோ' என்பர். பொன்னாலும் வெள்ளியாலும் ஆகிய குவளைக்கு 'அக்கில்யா' என்று பெயர். இவற்றில் மக்காச்சோளத்தால் ஆகிய 'சிச்சா' என்னும் மதுவைப் பருகினர். இக்குவளைகளின் சிறப்பு, அவை இரட்டையாகச் செய்யப்பட்டன என்பதே. ஒரே மரம், ஒரே அளவு, ஒரே வேலைப்பாடு. ஒன்று அளிப்பவனுக்கு, மற்றொன்று பெறுபவனுக்கு. இருவரும் ஒருங்கே பருகினால்தான் உறவு உறுதிப்படும், கடமை பிறக்கும். மன்னன் தன் குடிகளோடும், உழவன் தன் சுற்றத்தோடும், ஏன், மன்னன் ஞாயிற்றுக் கடவுளோடும் இவ்வாறே பருகினான். தனியே குடித்தல் என்பது அங்கே பண்பாட்டுக் குறைவு. சிறிது கிடைத்தால் பிறர்க்கு ஈந்தும், பெரிது கிடைத்தால் உடனிருந்தும் உண்ட அதியமானை ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலையை அறிந்த நமக்கு இப்பண்பு விளங்காத ஒன்று அன்று.

பிசாரோவின் படைக்கும் இன்காவுக்கும் நேர்ந்த முதல் சந்திப்பிலேயே இக்கோப்பை இடம்பெற்றது. கஹமார்க்கா நிகழ்ச்சிக்கு முதல் நாள், பிசாரோவின் தூதுவர்களாகச் சென்ற சோட்டோவுக்கும் எர்னாண்டோ பிசாரோவுக்கும் அதவால்பா பொற்குவளைகளில் சிச்சா அளித்ததை ஸ்பானியரே எழுதி வைத்துள்ளனர். இன்கா மரபினர் கூறும் செய்தி இன்னும் கூர்மையானது. அதவால்பாவின் உடன்பிறந்தான் மகனாகிய தித்து குசி யுப்பான்கி, 1570இல் வில்கபம்பா மலைக்காட்டில் இருந்தபடி எழுதுவித்த வரலாற்றில், மன்னன் பொற்குவளையில் அளித்த பானத்தை ஸ்பானியன் தரையில் கொட்டிவிட்டான் என்கிறார். அவர்கள் நீட்டிய நூலை மன்னன் எறிந்தது அதற்கு மறுமொழியே என்பது அவர் கூற்று. ஐரோப்பிய நூல்கள் பன்னெடுங்காலம், மன்னன் திருநூலை எறிந்ததையே படுகொலைக்குக் காரணமாகக் கூறி வந்தன. எறிந்த நூலை எழுதியவர்கள் கொட்டிய கோப்பையை எழுத மறந்தனர். எந்தச் சான்று முற்றிலும் உண்மை என்று இன்று உறுதி செய்வது எளிதன்று. எனினும், ஒரு மக்கள் தம் பேரிழப்பை நினைவுகூரும்போது, படையையும் பீரங்கியையும் முன்வைக்காமல் கொட்டப்பட்ட ஒரு கோப்பையை முன்வைத்தனர் என்பது எண்ணத்தக்கது.

வீழ்ச்சிக்குப் பின்னும் கேரோ மறையவில்லை. முன்பு கோடுகளும் கட்டங்களும் செதுக்கப்பட்டிருந்த மரக்குவளைகளில், ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் ஒருவகைப் பிசினும் வண்ணமும் கலந்து உருவங்கள் தீட்டப்பட்டன. இன்கா மன்னரும் அரசியரும், பூக்களும் பறவைகளும், ஸ்பானிய உடை அணிந்த மாந்தரும் அவற்றில் தோன்றினர். தோற்ற மக்கள் தம் நினைவைக் கோப்பையின்மேல் காத்தனர் எனலாம். 1780இல் இரண்டாம் துப்பாக் அமாரு தலைமையில் எழுந்த பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், 1781இல் அரேச்சே என்னும் ஸ்பானிய அதிகாரி வழங்கிய தீர்ப்பு, இன்கா மன்னரின் உருவப்படங்களை வைத்திருப்பதையும் அவர்கள் மரபு உடையை அணிவதையும் தடை செய்தது. ஒரு படம் வெறும் படமே என்று கருதியிருந்தால் அவ்வாட்சி அதற்கு அஞ்சியிருக்குமா? ஆளத் தெரிந்தவர்கள் படத்தின் வலிமையை நன்கு அறிந்திருந்தனர்.

ஆதலின், பெருவைப் பொறுத்தமட்டில் உருவம் தீட்டிய கோப்பைக்கு நெடிய மரபு உண்டு. இன்றைய படக்கோப்பை அம்மரபை அறியாமலே அதன் இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. அமர்ந்ததோடு, அம்மரபைத் தலைகீழாகவும் ஆக்கியிருக்கிறது. கேரோ இருவர்க்கு உரியது, இக்கோப்பை ஒருவர்க்கு. கேரோவில் தோற்றவரின் நினைவு. இக்கோப்பையில் வென்றவனின் முகம். கேரோவை வரைந்தவன் தன் மக்களின் கதையை அறிந்தவன். இக்கோப்பையை அச்சிட்ட கருவிக்குக் கதை ஏதும் தெரியாது.

மறுபக்கத்து ஓவியம்

பிசாரோவை வரைந்தவர் ஐரோப்பியர் மட்டுமல்லர். குவாமன் போமா தே அயாலா என்னும் ஆந்தீசுப் பழங்குடி அறிஞர், ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்புக்கு முறையீடாக ஒரு பெரும் நூலை எழுதி 1615 அளவில் முடித்தார். ஏறத்தாழ 1,200 பக்கங்கள். அவற்றுள் 400 அளவில் அவர் கையால் வரைந்த கோட்டோவியங்கள். மன்னரின் கண்ணில் அது பட்டதற்குச் சான்றில்லை. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் அரச நூலகத்தில் கிடந்த அந்நூலை 1908இல் ஒரு செருமானிய அறிஞர் கண்டறிந்தார். 1936இல் பாரிசில் அதன் படி அச்சாயிற்று.

அந்நூலில் பிசாரோ பலமுறை வருகிறான். ஓர் ஓவியத்தில் அதவால்பா உயர்ந்த மேடையில் வீற்றிருக்க, பிசாரோவும் அவன் கூட்டாளியும் பாதிரியாரும் மொழிபெயர்ப்பாளனும் கீழே நிற்கின்றனர். பேரரசன் நடுவிலும் வந்தவர் ஓரத்திலும் இருக்குமாறு அமைத்ததே ஒரு வரலாற்றுத் தீர்ப்பு. மற்றோர் ஓவியத்தில், ஸ்பானியன் ஒருவனுக்குத் தட்டில் பொன்னை நீட்டி, இதையா உண்கிறாய் என்று இன்கா கேட்கிறார்; அவனும் ஆம் என்கிறான். எளிய கோடுகளால் ஆகிய அவ்வோவியத்தின் நகையும் சினமும் வெர்சாய் அரண்மனை வண்ண ஓவியத்தில் தேடினும் கிடையா.

குவாமன் போமாவின் ஓவியங்கள் எல்லாம் நடந்தவற்றை நடந்தவாறே காட்டுவன அல்ல. அதவால்பாவின் தலை வெட்டப்படுவதாக அவர் வரைகிறார். உண்மையில் கழுத்து நெரிக்கப்பட்டது. பொன்னை உண்ணும் காட்சியும் கற்பனையே. அங்ஙனமாயின், கூத்தானின் கற்பனைக்கும் இவர் கற்பனைக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. குவாமன் போமா தாம் யார், யாருக்கு எழுதுகிறோம், எதற்காக வரைகிறோம் என்பதை மறைக்கவில்லை. தம் மக்கள் படும் துயரைத் தீர்க்குமாறு ஓர் அரசனைக் கேட்கிறார். படத்தைச் சுற்றி எழுத்து இருக்கிறது; வழக்கு இருக்கிறது; வழக்கை மறுப்பதற்கு இடமும் இருக்கிறது. கோப்பையில் உள்ள முகமோ தன்னைச் சுற்றியிருந்த அனைத்தையும் உதறிவிட்டுத் தனியே நிற்கிறது. ஓவியர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, அதவால்பா இல்லை. வினவுவதற்கு ஏதும் இல்லாத இடத்தில் வியப்பு மட்டுமே எஞ்சும்.

கோப்பைக்கும் சிலைக்கும் உள்ள வேறுபாடு

'ஒரு கோப்பைக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா? தேநீர் குடிக்கும் கலத்தில் யார் முகம் இருந்தால் என்ன?' என்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினா. இதற்கு லீமா நகரிலேயே விடை உண்டு.

அமெரிக்கச் சிற்பி சார்லசு ரம்சி வடித்த பிசாரோவின் குதிரைச்சிலை ஒன்று ஸ்பெயினில் துருகியோ நகரில் 1929இல் நிறுவப்பட்டது. அதே வார்ப்பில் ஒன்று, லீமா நிறுவப்பட்டதன் 400ஆம் ஆண்டு நிறைவில், 1935இல் அந்நகரப் பேராலய முகப்பில் நிறுத்தப்பட்டது. 1952இல் அது சதுக்கத்தின் மூலைக்கு மாற்றப்பட்டது. நகரை நிறுவியவன் என்று சிலர் போற்றினர். நாட்டைச் சூறையாடியவன் என்று பலர் எதிர்த்தனர். 2003இல் நகராட்சி சிலையை அகற்றியது. மறு ஆண்டில் ஆற்றங்கரையை ஒட்டிய பூங்கா ஒன்றில் வைத்தது. 2025 சனவரியில், நகரின் 490ஆம் ஆண்டு விழாவின்போது, அது மீண்டும் தலைமைச் சதுக்கத்தின் அருகே கொண்டுவரப்பட்டது. எதிர்ப்பும் மீண்டும் எழுந்தது. ஸ்பெயின் நாட்டு 1,000 பெசட்டா பணத்தாளில் 1992 முதல் ஒருபுறம் கோர்த்தேசும் மறுபுறம் பிசாரோவும் அச்சிடப்பட்டிருந்தனர். யூரோ வந்த பிறகு அத்தாள் வழக்கொழிந்தது.

சிலையைப் பற்றி வழக்காடலாம். அது நிற்கும் இடம் பொது இடம். அதன் முன் கூடலாம், பேசலாம், மாலையிடலாம், அகற்று என்று முழங்கலாம். சிலை நகர்ந்த ஒவ்வொரு முறையும் அந்நகர மக்கள் தம் வரலாற்றை மீண்டும் ஒருமுறை படிக்க நேர்ந்தது. கோப்பைக்கு இவ்வாய்ப்பு இல்லை. அது எவர் கண்ணிலும் படாமல் சமையலறைக்குள் நுழைகிறது. காலைதோறும் கையில் எடுக்கப்படுகிறது. நூறு முறை பார்த்த முகம் பழகிய முகமாகிறது. பழகிய முகம் நல்ல முகமாகத் தோன்றுகிறது. சிலை தன்னைப் போற்றும்படி வெளிப்படையாகவே கேட்கிறது; கோப்பை கேட்பதில்லை, பழக்கிவிடுகிறது. ஆகவேதான் சிலையைக் காட்டிலும் கோப்பை திறனாய்வுக்கு மிகுதியும் உரியதாகிறது.

நம் இல்லங்களில் ஒருவருடைய படத்தைச் சுவரில் மாட்டுவது மதிப்பின் அடையாளம். யார் படத்தை மாட்டுவது, எங்கே மாட்டுவது என்பதைப் பெரியவர்கள் எண்ணியே செய்கின்றனர். கையில் எடுக்கும் கோப்பைக்கு மட்டும் அவ்வெண்ணம் வேண்டாம் என்பது பொருந்துமா? குழந்தையின் கண்ணுக்குச் சுவரும் கோப்பையும் ஒன்றே. 'இவர் யார்?' என்று அது கேட்கும். 'யாரோ பழங்காலத்துப் பெரிய வீரர்' என்று நாம் விடை கூறுவோம். பாடநூல் பத்துப் பக்கங்களில் சொல்ல முயலும் செய்தியை அவ்வொரு விடை அழித்துவிடும்.

மலேசிய மாணவர்க்கு இக்காலம் அயலானது அன்று. ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து புறப்பட்ட மற்றொரு கடற்படை, அல்புகெர்க்கேயின் தலைமையில் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியது. 1521இல் மெக்சிகோவின் தலைநகர் வீழ்ந்தது, 1532இல் கஹமார்க்கா. மூன்றும் ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்தவை. மலாக்காவில் எஞ்சி நிற்கும் கோட்டை வாயிலுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், அதனை யார் கட்டினர், யாரை வென்று கட்டினர் என்று விளக்காமல் திரும்புவதில்லை. கல்லுக்குச் செய்யும் அவ்விளக்கத்தைப் படத்துக்கும் செய்ய நாம் கடமைப்பட்டுள்ளோம்.

முடிவுரை

இக்கோப்பையை உடைக்க வேண்டும் என்றோ, விற்பனையைத் தடை செய்ய வேண்டும் என்றோ இக்கட்டுரை கூறவில்லை. படத்தைத் தடை செய்வது 1781இல் அரேச்சே கையாண்ட வழி. அதனால் இன்காவின் நினைவு அழிந்துவிடவும் இல்லை. கொடியோரின் முகங்களை மறைத்துவிட்டு வரலாறு கற்பிக்க இயலாது. பிசாரோவின் முகத்தை மாணவர் காணட்டும். ஆனால், அது பிசாரோவின் முகம் அன்று என்பதையும் சேர்த்தே காணட்டும். அதனை வரைந்தவர் பாரிசில் இருந்தார் என்பதையும், அதற்குரியவன் தன் பெயரைக்கூட எழுத அறியாதவன் என்பதையும், அவன் உருக்கிய பொன்னில் எத்தனையோ குவளைகள் இருந்தன என்பதையும் அறிந்து காணட்டும்.

கலைப்பொருள் என்னும் முறையில் இக்கோப்பையின் குறை, கொடியவன் ஒருவனைக் காட்டுவது அன்று. ஒருவனை மட்டும் காட்டுவது. ஆந்தீசு மக்களின் அளவுகோலால் அளந்தால் இது பாதிக் கோப்பையே. இரட்டையில் ஒன்று இங்கே இருக்கிறது, மற்றொன்றைக் காணோம். கூத்தானின் ஓவியத்தை அச்சிடுவோர்க்குக் குவாமன் போமாவின் ஓவியத்தை மற்றொரு கோப்பையில் அச்சிடுவதும் எளிதே. அதற்கும் உரிமைத்தொகை இல்லை. வணிகர் அதனைச் செய்யாவிடினும் ஆசிரியர் செய்யலாம். வென்றவனின் படம் வகுப்பறைக்குள் வரும்போதெல்லாம், தோற்றவர் வரைந்த படத்தையும் அதனருகே வைப்பது ஆசிரியரின் வேலை. இரண்டையும் ஒருங்கே கண்ட மாணவன், எதனை மதிப்பது என்பதைத் தானே அறிந்துகொள்வான்.